இடப்பக்கத்துக் குரல்

கால்பந்து மைதானத்தில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எந்தக் கிளப்பிலும் கிடையாது. அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஆடினாலும் அங்கே "டேய் விடு", "டேய் குடு" என்பதோடு சரி. மரியாதையெல்லாம் ஆட்டம் முடிகிறவரை கோட்டுக்கு வெளியே செருப்போடு கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டறைத் தெரு கிளப்பில் கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கிற ஸ்டாப்பர் தன் கோலியை "அத்தான்... அத்தான்..." என்று கூவிக்கொண்டிருந்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? வட்டாரக் கோப்பையின் முதல் சுற்றிலேயே கேலரி அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் எதிரணி ஆதரவாளர்கள் கோரஸாகவே பாடினார்கள். "அத்தான், டீ குடிக்கிறீங்களா?" என்று ஒரு குரல். "அத்தான், அக்கா தேடுது!" என்று இன்னொன்று.

சிரிக்கட்டும். அது உறவு கொண்டாடுகிற கூப்பாடு இல்லை, ஒரு மனிதனின் இடது கண் என்பது சிரித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டாப்பரை எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்த இடத்தில் நிற்பான், எவனாலும் பிடுங்க முடியாது என்பதால் கிளப்பில் யாரோ வைத்த பெயர். அவன் வேலை செய்கிற டயர் கடை முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். காலை முதல் மாலை வரை லாரி டயர்களோடு மல்லுக்கட்டுகிற உடம்பு. கோலி, அவனுடைய அக்காவின் கணவர். இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற சின்னப் பட்டறை அவருக்குச் சொந்தம். ஆணி அரைக்கால் சட்டையோடு மைதானத்து ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த காலத்திலேயே கோல் கம்பங்களுக்கு நடுவில் அவர்தான் நின்றார். அப்புறம் அக்காவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தார். கல்யாணத்தன்று அக்காவைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் ஆணிதான் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

கண் போனது மழைக்காலத்துப் பயிற்சியில். ஈரப் பந்து, பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தது, இடது முகத்தில் விழுந்தது. ஒரு பக்கம் வீங்கி, கறுத்து, வடிந்தது. அத்தான் சிரித்துக்கொண்டே ஐஸ் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, பட்டறையில் ஒரு கேட்டின் மேல்விளிம்பு தனக்கு வளைந்து தெரிகிறது என்றார். ஆணி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான்; கேட்டு நேராகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல மெல்ல இறங்கியது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது திரை முழுக்க விழுந்துவிட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. உள்ளேதான் விளக்கு அணைந்திருந்தது.

டாக்டரம்மா நல்லவர். நல்லவர் என்பதால் பூசி மெழுகவில்லை. "முன்னாடியே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனிமே அந்தக் கண்ணுல பார்வை வராது. இருக்கிற ஒண்ணைப் பத்திரமா பாத்துக்குங்க. பட்டறையில கண்ணாடி இல்லாம வேலை செய்யவே கூடாது. பந்து விளையாட்டுப் பக்கமே போகாதீங்க. இதுலயும் ஒரு அடி விழுந்துச்சுன்னா முழு இருட்டுதான்."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அத்தான் நின்றார். ஆணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் அப்படிப் பிடித்து ஆணி பார்த்ததில்லை.

"மச்சான், உங்கக்காவுக்குத் தெரியக் கூடாது. கோச்சுக்கும் தெரியக் கூடாது."

"அத்தான், டாக்டர் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. இத்தனை வருஷமா நிக்கிறேன். எனக்குன்னு என்ன இருக்கு சொல்லு. பட்டறையில கேட்டு செஞ்சா அடுத்த வீட்டுக்காரன் பூட்டிக்கிறான். அந்தக் கம்பத்துக்கு நடுவுல நின்னாதான் நான் ஒரு ஆள்னு எனக்கே தோணுது." கொஞ்சம் நிறுத்தினார். "வலப்பக்கம் நான் பாத்துக்கறேன். இடப்பக்கம் நீ கத்து. நீ கத்தற வரைக்கும் எனக்கு ரெண்டு கண்ணு."

ஆணி கோச்சிடம் சொல்லிவிடுவேன் என்று முணுமுணுத்துப் பார்த்தான். அத்தான் கோபப்படவில்லை.

"சொல்லு. கோலி இல்லாம அலையற கிளப் வட்டாரத்துல எத்தனையோ இருக்கு. எவனாவது கூப்பிட்டுக்குவான். அங்க எனக்குக் கத்தறதுக்கு ஆள் இருக்காது, அவ்வளவுதான்." அப்புறம் அவரே தணிந்தார். "சரி, சத்தியமா சொல்றேன் கேட்டுக்க. இந்தக் கண்ணால ஒரு கோல் விழுந்துச்சுன்னா, ஒரே ஒரு கோல், அன்னிக்கே கிளவுஸைக் கழட்டிடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்ல. நானே கழட்டிடுவேன்."

அந்த வார்த்தையை ஆணி நம்பினான். அத்தான் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை.

மற்றவர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் மைதானத்துக்குப் போய் அதைப் பழகினார்கள். "அத்தான்" என்று நீட்டிக் கூப்பிட்டால் இடப்பக்கத்திலிருந்து உயரப் பந்து. வெட்டிக் கூப்பிட்டால் தரையோடு வருகிறது. அடுத்தடுத்து இரண்டு தடவை என்றால் பந்தோடு ஓர் ஆளும் உள்ளே புகுகிறான். வலப்பக்கத்துக்கு எதுவும் கிடையாது. ஏன் "அத்தான்" என்று வைத்தார்கள் என்றால், வேறு எந்தச் சொல்லையும் கேப்டன் பெயிண்டரோ மற்ற டிஃபென்ஸ்காரர்களோ மறந்தாற்போல் கத்திவிடக்கூடும். இந்தச் சொல்லை மட்டும் அந்த அணியில் ஒரே ஒருவன்தான் கூப்பிட முடியும்.

வட்டாரக் கோப்பை நாக் அவுட். வருஷத்துக்கு ஒரு முறை, முப்பத்திரண்டு கிளப். தோற்றவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்; ஈடுகட்ட இன்னொரு ஆட்டம் கிடையாது. பட்டறைத் தெரு கிளப் அந்தக் கோப்பையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஒரே ஒரு தடவை இறுதியாட்டம் வரை போய், பெனால்டியில் தோற்று, வருகிற வழியெல்லாம் வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள்.

இந்த வருஷம் யாரோ கண் திறந்துவிட்டாற்போல் ஆடினார்கள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று, இரண்டிலும் அத்தான் ஒரு கோலும் விடவில்லை. ஆணி தொண்டை கட்டிக்கொண்டு திங்கட்கிழமைகளில் டயர் கடையில் சைகையால் பேசினான். அத்தான் இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டுவதை, கூப்பிட்டுச் சொன்னவனே ஆனாலும், வாயைப் பிளந்து பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஆணிக்கு அதில் பெருமைதான். பயமும் இருந்தது, ஆனால் பெருமை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

காலிறுதியில் அந்தப் பெருமை ஆட்டம் கண்டது. தரைப் பந்து, இடப்பக்கம். ஆணி வெட்டிக் கூப்பிட்டான், அத்தான் பாய்ந்தார், பந்து கைக்கு வந்தது. பின்னாலேயே வந்தவனின் பூட்ஸும் வந்தது. வலது புருவம் பிளந்தது. புருவத்துக்குக் கீழே இருப்பது என்ன என்பது மைதானத்தில் ஆணிக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் முழங்காலிட்டு அவர் முகத்தைத் திருப்பினான். கண் திறந்திருந்தது, அவனைப் பார்த்து ஒரு சிமிட்டு சிமிட்டியது. தையல் போட்டார்கள். ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஆணியைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடி அவன் நினைத்தது ஒன்றுதான்: நான் கூப்பிட்டதால்தான் அவர் அந்தக் காலுக்குள் போனார்.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் அக்கா டயர் கடைக்கு வந்தாள். அவள் அங்கே வருகிறவள் இல்லை. ரப்பர் தூசி ஒத்துக்கொள்ளாது என்பாள். ஆணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுக்கிவைத்த டயர்களுக்குப் பக்கத்தில் அவள் நின்ற நிலையே சரியில்லை.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"டேய். என்கிட்ட நடிக்காத. நேத்து அவர் சாப்பிடும்போது இடப்பக்கம் போய் நின்னேன். பேசல. கையை ஆட்டினேன். கரண்டியை முகத்துக்கு நேரா கொண்டுபோனேன். மனுஷன் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு இருக்கார். அப்புறம் 'எங்க இருக்க, தண்ணி குடு'ன்னு வலப்பக்கம் பாத்துக் கூப்பிடறார்." அவள் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "தையல் போட்டது வலப்பக்கம்டா."

ஆணி தலையைக் குனிந்துகொண்டான். எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரம்மா சொன்னதை, படிக்கட்டில் பேசியதை, கூப்பாட்டை, சத்தியத்தை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் அவனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நீதான் அவரை அங்க நிக்கவெச்சிருக்க," என்றாள்.

"அக்கா, நான் கத்தலைன்னா அவர் வேற கிளப்புக்குப் போயிடுவாரு..."

"தெரியும். நான் சொன்னா வீம்புக்குன்னே போவார். அவரை எனக்குத் தெரியாதா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் உன்னை ஜெயிக்காதேன்னு சொல்ல வரல. அந்தக் கோப்பை உங்களுக்கெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியும். மிச்சம் இருக்கிற ஒண்ணோட அவர் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. எப்படின்னு நீ பாத்துக்க."

போய்விட்டாள். ஆணி திரும்பி உள்ளே போய் ஒரு டயரைக் கழற்றி, அதே டயரை மறுபடி மாட்டினான். முதலாளி பார்த்துவிட்டு, "அரையிறுதி பயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றான்.

அரையிறுதி மில் கிளப்போடு. மில் கிளப்பின் வலது விங்கர் ஓர் ஒல்லிக்குச்சி. காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருப்பான், ஆனால் அவன் காலிலிருந்து வருகிற கிராஸ் அளந்து வைத்தாற்போல் விழும். அவனுடைய வலது என்றால் அத்தானுக்கு இடது. ஆட்டம் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்தேதான் வரப்போகிறது என்று ஆணிக்குத் தெரிந்துபோனது.

ஒன்று சொல்லவேண்டும். வேண்டுமென்றே தோற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆணி அன்றைக்கு மைதானத்தில் இறங்கவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கேப்டன் பெயிண்டருக்கு முழங்கால் போய்விட்டது, அவருக்கு இதுதான் கடைசி வருஷம். முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு, ஏணி ஏறுகிற வேலையை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். மாற்று கோலியான பேக்கரிக்காரர் விடியலிலேயே அடுப்பு வேலையை முடித்துவிட்டு, கையில் மாவு வாசனையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் எல்லாருக்கும் ஆணி கடமைப்பட்டவன். ஜெயிக்கவேண்டும், அத்தானுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. இரண்டும் நடந்துவிடும் என்று மனிதர்கள் நம்புவது போலத்தான் அவனும் நம்பினான்.

முதல் பாதி முழுக்கக் கூப்பிட்டான். மில் கேலரி எதிர்ப்பாட்டுப் பாடியது. "அத்தா...ன்!" என்று ஒரு பக்கம் ஆரம்பிக்க, மறுபக்கம் பெண் குரலில் "என்னங்க?" என்று முடிக்கும். ஆணிக்குத் திக்கென்றது, அத்தான் குழம்பிவிட்டால்? ஹாஃப் டைமில் தண்ணீர் குடிக்கும்போது அதைக் கேட்டான்.

அத்தான் சிரித்தார். "ஆயிரம் பேர் கூப்பிடட்டும். என் மச்சான் குரல் எனக்குத் தெரியாதா? அதுக்கு மட்டும்தான் நான் திரும்புவேன்."

கோல் எதுவும் விழவில்லை. இரண்டாவது பாதியிலும் அப்படியே இழுத்துக்கொண்டு போனது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு கார்னர். ஒல்லிக்குச்சிதான் அடித்தான். ஆணி நீட்டிக் கூப்பிட்டான். அத்தான் கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பந்தைக் குத்தினார். இறங்கும்போது ஒரு முழங்கை அவர் முகத்தில் இறங்கியது.

தையல் பிரிந்துவிட்டது. ரத்தம் வழிந்து வலது கண்ணுக்குள் போனது. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினார். பேக்கரிக்காரர் பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பஞ்சை அழுத்திவைத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டு சரிந்து சரிந்து கண்மேல் இறங்கியது. அத்தான் கிளவுஸால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து, "முடியுமா?" என்று கத்தினார். அத்தான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆணி கிட்டே போனான். இமை மயிரில் ரத்தம் ஒட்டியிருந்தது. அத்தான் அவனைப் பார்த்த பார்வை அவனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் எங்கேயோ விழுந்தது.

"அத்தான், கண்ணு தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. கொஞ்சம் மசமசன்னு இருக்கு."

"பேக்கரி அண்ணன் நிக்கட்டும். கொஞ்ச நேரம்தானே."

"இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பப் போய் வெளிய உக்காரச் சொல்றியா? நீ கத்து. எனக்கு அது போதும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் கைகளைத் தட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. பார்வை இல்லாத ஒரு மனிதர், அத்தனை ஆட்களும் ஓடிவந்து மோதுகிற இடத்தில், தன் மைத்துனன் பார்த்துக்கொள்வான் என்று சிரித்துக்கொண்டு நிற்கிறார். இறுதியாட்டம் இருக்கிறது. அதற்கப்புறம் அடுத்த வருஷம். அதற்கடுத்த வருஷம். தான் கத்துகிற வரைக்கும் இந்த மனிதர் அங்கிருந்து நகரமாட்டார். ஒரு நாள் ஒரு பூட்ஸ் சரியாக வந்து சேரும்.

மில் கிளப்புக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதே இடப்பக்கம், கோட்டை ஒட்டி. ஒல்லிக்குச்சி பந்தை வைத்து, பின்னால் போய், ஓடிவந்து அடித்தான். நல்ல அடி இல்லை. உண்மையில் அது தவறிப்போன அடி. உயரமாக, சோம்பலாக, யாருக்கும் இல்லாமல் வந்தது. ஆணியின் தலைக்கு மேலே, அவன் எட்ட முடியாத உயரத்தில் போனது. கூப்பிடவேண்டிய நேரம் அதுதான். நீட்டி ஒரு "அத்தான்". அத்தான் இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினால் பூப்போல வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆணி வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தான். அந்தச் சொல் நாக்குநுனி வரை வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

கேலரி கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆயிரம் தொண்டைகள். அதில் ஒன்று குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. பந்து ஒரு தடவை தரையில் குத்தி, இடது கம்பத்தை ஒட்டி உள்ளே உருண்டது. அத்தான் அசையவில்லை. கைகளை விரித்து, முழங்காலை மடித்து, தயாராக, வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மில் ஆட்கள் துள்ளிக் குதித்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்த பிறகுதான் அவர் திரும்பி வலையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

கேலரியின் படிகளுக்குக் கீழேதான் உடை மாற்றுகிற அறை. தகரக் கதவு, ஒற்றை ஜன்னல், வியர்வையும் வலித் தைலமும் கலந்த நெடி. மேலே படிகளில் ஜனங்கள் இறங்குகிற காலடிச் சத்தமும், அத்தானைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டு போவதும் தெளிவாகவே கேட்டது. "தூங்கிட்டு நின்னான்யா", "காசு வாங்கிட்டானோ என்னவோ", "வயசாச்சு, வீட்டுல உக்காரலாம்ல". உள்ளே பெயிண்டர் முழங்கால் பட்டியை அவிழ்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. பேக்கரிக்காரர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், அவர் வாங்கவில்லை.

கோச் அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. "எவ்வளவு லேசான பந்து! குழந்தை பிடிச்சிருக்கும். எங்கய்யா பாத்துட்டு நின்னீங்க?"

"தப்புதான்," என்றார் அத்தான்.

பெயிண்டர் மெல்லத் திரும்பினார். அத்தானைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்தார். "நீ ஆட்டம் பூரா கூவிக்கிட்டே இருந்தியே. அந்தப் பந்துக்கு நீ கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேக்கலையே."

ஆணி வாயைத் திறக்கும் முன்னால் அத்தான் எழுந்து நின்றார்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் கூப்பிட்டான். அந்தக் கூச்சல்ல உங்களுக்குக் கேட்டிருக்காது. நான்தான் விட்டேன். கோல் என்னோடது."

அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆணி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

வீட்டுக்கு நேராகப் போகவில்லை. அத்தான் பட்டறைக்குப் போகலாம் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு, அக்கா பயப்படாதபடி கொஞ்சம் ஒழுங்காகிப் போகலாம் என்றார். வெயில் இன்னும் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனார்கள். பாதி முடிந்த ஒரு கேட்டு சுவரில் சாய்ந்திருந்தது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆணி வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, துணியை நனைத்து, கண்ணைச் சுற்றி உறைந்திருந்த ரத்தத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க உள்ளே கண் தெளிவாக, முழுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்திருந்தான். வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். காலில் விழுந்தாவது சொல்லிவிடவேண்டும். தெருவில் நடந்துவந்தபோது டீக்கடையில் நின்ற ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தார்களே, அந்தப் பார்வையை இவர் இனி எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைவார்?

"மச்சான்," என்றார் அத்தான். "ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லு."

ஆணியின் கை நின்றது.

"அங்க எல்லார் முன்னாடியும் நீ கூப்பிட்டேன்னு சொன்னேன். உன்னை எவனும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். ஆனா எனக்குக் கேக்கல. நான் வந்த வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். உன் குரல் என் காதுல விழல." அவர் அவன் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "நீ கூப்பிடலைன்னா பரவாயில்லடா. மனுஷன்தானே, மறந்திருப்ப, தொண்டை அடைச்சிருக்கும். அப்படின்னா அது என் கண்ணால விழுந்த கோல் இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பெயிண்டருக்காகவாவது ஒரு தடவை அதைத் தூக்கிட்டு வரணும். ஆனா நீ கூப்பிட்டும் எனக்குக் கேக்கலைன்னா... அப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். சொல்லு. கூப்பிட்டியா?"

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். இந்த மனிதர் நிமிர்ந்து உட்காருவார். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்குவார். மன்னித்தும்விடுவார், அவர் குணம் அது. நாளைக்கே இருவரும் பழையபடி சிரித்துக்கொள்ளலாம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவர் மறுபடி அந்தக் கம்பங்களுக்கு நடுவில் போய் நிற்பார்.

"கூப்பிட்டேன், அத்தான்," என்றான் ஆணி. "தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அத்தான் மெதுவாக, மடியில் கிடந்த கிளவுஸை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியிடம் நீட்டினார்.

"பேக்கரிக்காரன்கிட்ட குடுத்துடு. அவனுக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பழகிடும்."

ஆணி வாங்கிக்கொண்டான். அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. ஆணி ஈரத் துணியோடு அழுதுகொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் கையை எடுத்துவிட்டு, எட்டி அவன் தோளைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"நீ ஏண்டா அழற? நீ என்ன பண்ணுவ? உன் வேலையை நீ சரியாத்தானே செஞ்ச."

"ஆமா அத்தான்," என்றான் ஆணி.